மதுரைக்குப் போகுமா மின்சார கார்? தூரம் பயமில்லை, 'க்யூ'தான் பயம்!

சென்னை —

"ஊருக்குப் போகுமா சார்?"

மின்சார கார் வாங்கக் கடைக்குள் நுழைகிறவர்களின் முதல் கேள்வி இதுதான். விலை என்ன, கலர் என்ன என்பதெல்லாம் அப்புறம்!

கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் பத்து, பதினைந்து லட்சம் கடன் வாங்கி, வருஷக்கணக்கில் தவணை கட்டி எடுக்கும் வண்டி அது. கிண்டியில் இருந்து பாரிமுனைக்குப் போய் வந்தால் மட்டும் போதாது. பொங்கலுக்கு மதுரைக்கோ, திருநெல்வேலிக்கோ பெண்டாட்டி, பிள்ளைகளோடு போயாக வேண்டும்.

நடுரோட்டில் பாட்டரி தீர்ந்து நின்றுவிட்டால்? பெட்ரோல் என்றால் பக்கத்துப் பங்க்கில் வாங்கி வந்து ஊற்றலாம். மின்சாரத்தைப் பாட்டிலில் பிடித்து வர முடியுமா?

முடியாதுதான். ஆனால் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அந்த நிலைமை வராது. வேறொரு தொல்லை வரும். அதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை!

வீட்டு மீட்டர் கணக்கு

மின்சார காரின் பாட்டரியை அளக்க புது அளவு எதுவும் தேவை இல்லை. நம் வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். சின்ன கார் என்றால் பாட்டரியில் சுமார் 24 யூனிட் பிடிக்கும். நடுத்தர கார் என்றால் 30 முதல் 45 யூனிட். பெரிய கார் என்றால் 70-ஐத் தாண்டும்.

2001-ல் பெங்களூரில் இருந்து 'ரேவா' என்ற குட்டி கார் வந்தது. ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ. போகும் என்றார்கள். 2019-ல் 'கோனா', 2020 ஜனவரியில் 'நெக்ஸான்' வந்தன. முதலில் வந்த நெக்ஸானுக்கு 30.2 யூனிட் பாட்டரி. கம்பெனி கொடுத்த கணக்கு 312 கி.மீ. பிறகு 45 யூனிட் பாட்டரியோடு அதே கார் வந்தது. அதற்குக் கொடுத்த கணக்கு 489 கி.மீ.!

அப்படியானால் ஒரே மூச்சில் மதுரைக்குப் போய்விடலாமே என்று தோன்றும். சென்னையில் இருந்து மதுரை சுமார் 460 கி.மீ.தானே?

அங்கேதான் கவனம் வேண்டும். அந்த 489 என்பது சோதனைக்கூடத்துக் கணக்கு. ரோட்டுக் கணக்கு வேறு.

நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டுக்கொண்டு 80 வேகத்தில் போனால், ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. கிடைக்கும். 45 யூனிட்டுக்கு 290 கி.மீ. சொச்சம். அவ்வளவுதான்.

வேகம் கூடினால் இதுவும் குறையும். காரை முன்னால் இருந்து தள்ளுகிற காற்று, வேகம் கூடக் கூட விசுவரூபம் எடுக்கிறது. 80-ல் இருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது! அப்போது யூனிட்டுக்கு 5 கி.மீ. சுற்றித்தான் வரும். பெட்ரோல் காருக்கும் இதே காற்றுதான். ஆனால் அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. ஏன்?

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. 35 லிட்டர் டாங்க் என்றால் 300 யூனிட்டுக்கு மேல்! அதில் முக்கால் பங்கைப் பெட்ரோல் எஞ்சின் சூடாக்கி வீணடிக்கிறது. அப்படியும் மிச்சம் இருப்பது, நடுத்தர மின்சார காரின் முழு பாட்டரியை விட அதிகம். பெட்ரோல் கார் ஊதாரிப் பணக்காரன். மின்சார கார் சிக்கனக்காரன். ஆனால் பர்ஸ் சின்னது!

மதுரை பயணம்

45 யூனிட் காரில் விடியற்காலை 5 மணிக்குச் சென்னையில் இருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ராத்திரியே வீட்டில் முழு சார்ஜ் ஏற்றியாகிவிட்டது.

செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை சுமார் 200 கி.மீ. அங்கே போய்ச் சேரும்போது மணி 8. பாட்டரியில் செலவானது 31 யூனிட். மிச்சம் 14.

வேக சார்ஜரில் மாட்டிவிட்டு இட்லி, பொங்கல் சாப்பிட்டு, காபி குடித்துவிட்டு வந்தால் 40 நிமிஷம். பாட்டரி 36 யூனிட்டுக்கு ஏறி இருக்கும். அதாவது 80 சதவிகிதம். அதற்கு மேல் ஏற்ற நினைப்பது வீண் வேலை. 80-க்குப் பிறகு சார்ஜ் நத்தை மாதிரிதான் ஏறும்.

அடுத்து திருச்சி. 130 கி.மீ. அங்கே இன்னொரு 40 நிமிஷம். பிறகு துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை. பகல் ஒன்றரை மணிக்கு வீட்டுச் சாப்பாடு! பாட்டரியில் இன்னும் 15 யூனிட் மிச்சம் இருக்கும்.

பெட்ரோல் காரில் போனால் பன்னிரண்டரைக்குப் போயிருக்கலாம். வித்தியாசம் ஒரு மணி நேரம். அவ்வளவுதான்!

பணக் கணக்கு என்ன? லிட்டர் 100 ரூபாய், 16 கி.மீ. மைலேஜ் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்கு 2,900 ரூபாய் ஆகும். மின்சார காருக்கு, வீட்டில் ஏற்றிய 45 யூனிட்டை 10 ரூபாய் வீதமும், வழியில் ஏற்றிய 42 யூனிட்டை 22 ரூபாய் வீதமும் போட்டால்கூட 1,400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பாதிக்குப் பாதி மிச்சம்.

சின்ன கார் என்றால்?

24 யூனிட் காரில் இதே பயணம் வேறு கதை. முழு சார்ஜில் 150 கி.மீ. சுற்றி. பயமில்லாமல் ஓட்டக்கூடியது 110 முதல் 120 கி.மீ.தான். மதுரைக்குள் நான்கு தடவை நிற்க வேண்டும். சின்ன காரின் பாட்டரி வேகமாக வாங்கிக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரம் பங்க்கிலேயே போய்விடும்!

போகாதா என்றால் போகும். குழந்தை குட்டிகளோடு போகலாமா என்றால், அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

'க்யூ' எமன்

இதுவரை சொன்னதெல்லாம் சார்ஜர் காலியாக இருந்தால் நடக்கிற கதை.

2022 மார்ச் மாதம் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் சென்னை – திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில் 10 பங்க்குகளில் வேக சார்ஜர் வைத்தது. அதன் பிறகு மற்ற எண்ணெய் நிறுவனங்களும், தனியாரும், ஓட்டல்காரர்களும் வைத்தார்கள். நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம், நீண்ட தூர வண்டிகளுக்கு 100 கி.மீ.க்கு ஒரு வேக நிலையம் என்று 2019-லேயே மத்திய மின்துறை வழிகாட்டு நெறி வகுத்தது.

சாதாரண செவ்வாய்க்கிழமை என்றால் இது போதும். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையே காலியாகித் தெற்கே போகிறதே! அப்போது?

பெட்ரோல் போட ஒரு வண்டிக்கு ஐந்து நிமிஷம். முன்னால் நான்கு வண்டி நின்றாலும் 20 நிமிஷத்தில் நம் முறை வந்துவிடும். சார்ஜருக்கு ஒரு வண்டிக்கு முக்கால் மணி நேரம். முன்னால் இரண்டே வண்டி நின்றால் போதும். ஒன்றரை மணி நேரம் அம்பேல்!

இதில் ஒரு வேடிக்கை. பரனூர் டோல்கேட்டில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் பாட்டரி தீர்ந்துவிடும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் காரில் மோட்டார் சுற்றாது. ஏ.சி. மட்டும் ஓடும். மணிக்கு ஒரு யூனிட், மிஞ்சினால் ஒன்றரை. டிராபிக் ஜாம் பாட்டரியைத் தின்பதில்லை. நேரத்தைத் தின்பது பங்க்கில் நிற்கும் க்யூதான்!

தொல்லை இதோடு முடியாது. சார்ஜர் மக்கர் செய்யலாம். கரண்ட் போகலாம். சார்ஜர் முன்னால் வேறு யாராவது பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு 'ஆப்', ஒவ்வொன்றிலும் முன்பணம் என்று செல்போனில் அரை டஜன் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் கப்சிப்!

மலை ஏறுமா?

நன்றாகவே ஏறும். மின்சார மோட்டாருக்கு இழுவை சக்தி அதிகம். முதல் மிதியிலேயே முழு பலமும் வரும். கியர் மாற்றும் தொல்லை கிடையாது.

ஆனால் யூனிட் செலவு கூடும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். ஐந்து பேர், சாமான்களோடு இரண்டு டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்கவே 10 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஓட்டத்துக்கு ஆவது தனி. 50 கி.மீ. பாதைக்கு 18 யூனிட் போய்விடும்.

இறங்கும்போது லாபம்! பிரேக் பிடிக்கிற சக்தியை மோட்டாரே மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். தூக்குவதற்குச் செலவானதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். ஆகவே மேட்டுப்பாளையத்தில் நிரப்பிக்கொண்டு ஏறுவது புத்திசாலித்தனம்.

கேரவன் இழுக்குமா?

கேரவன் என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் நடிகர், நடிகைகளின் சொகுசு வேன். இங்கிலாந்து, ஹாலந்து போன்ற நாடுகளில் கேரவன் என்பது வேறு. எஞ்சினே கிடையாது. சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு லீவுக்குப் போவார்கள்.

மின்சார காரால் அதை இழுக்க முடியுமா? இழுக்கும். டெஸ்லா 'மாடல் எக்ஸ்' காருக்கு ஐரோப்பாவில் 2,250 கிலோ வரை அனுமதி. ஹூண்டாய் 'அயோனிக் 5' காருக்கு 1,600 கிலோ. ஒரு டன், ஒன்றரை டன் கேரவனுக்கு இது போதும். இழுக்கவே அனுமதி இல்லாத மின்சார கார்களும் உண்டு.

சங்கடம் எடையில் இல்லை. கேரவனின் முகத்தில்தான்! கதவு மாதிரி அகலமாக, உயரமாக நிற்கும் அந்த முகம் காற்றை மோதிக்கொண்டே வருகிறது. பாட்டரி கிட்டத்தட்ட பாதி தூரத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

400 கி.மீ. போகிற கார் கேரவனோடு 200 கி.மீ.தான் போகும். 80 சதவிகிதம் ஏற்றி, 10 சதவிகிதம் மிச்சம் வைத்து ஓட்டினால் கைக்குக் கிடைப்பது 140 கி.மீ. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்க வேண்டும்!

நின்றாலும் நிம்மதி இல்லை. சார்ஜர் இடமெல்லாம் ஒரு கார் நிற்கிற அளவுக்குத்தான் கட்டியிருக்கிறார்கள். கேரவனைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, காரை மட்டும் கொண்டுபோய் சார்ஜ் போட்டு, திரும்ப வந்து மாட்ட வேண்டும். பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் மாறத் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாம் கேரவன் இழுப்பதில்லை. ஆனால் கார் தலையில் கேரியர் போட்டு, அரிசி மூட்டை, சூட்கேஸ், பிளாஸ்டிக் நாற்காலி என்று கட்டிக்கொண்டு போகிறோம். அதுவும் காற்றோடு சண்டைதான். பத்தில் ஒரு பங்கு தூரம், இன்னும் கூடக்கூட குறையலாம். டிக்கியில் அடங்கும் சாமானை டிக்கியிலேயே வையுங்கள்.

யாருக்கு லாபம்?

தினமும் 40, 50 கி.மீ. ஊருக்குள் ஓடி, ராத்திரி வீட்டில் சார்ஜ் போட வசதி உள்ளவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு லாபம். வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை ஊருக்குப் போவது ஒரு தடை அல்ல.

வாரம் இரண்டு தடவை மதுரை, கோவை என்று சவாரி அடிக்கும் டாக்சிக்காரருக்கு நேரம்தான் பணம். எண்ணெய்ச் செலவில் மிச்சம் பிடிப்பதைக் க்யூவில் விடக்கூடும். நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். மாடிக் குடியிருப்பில் சொந்த பிளக் பாயிண்ட் இல்லாதவரும் யோசிக்க வேண்டும். வெளியிலேயே 22 ரூபாய்க்கு ஏற்றினால் லாபம் சுருங்கிவிடும்.

போகிறவர்களுக்கு

* பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பாதீர்கள். ஒரு நாள் முன்னாலோ, விடியற்காலையிலோ கிளம்புங்கள்.

* பாட்டரி 10 சதவிகிதத்துக்கு வரும் வரை ஓட்டாதீர்கள். 30 இருக்கும்போதே சார்ஜரில் நில்லுங்கள். அது கெட்டுப்போயிருந்தால் அடுத்த ஊருக்குப் போக வழி இருக்கும்.

* ஒரே ஒரு 'கன்' உள்ள இடத்தை நம்பிப் போகாதீர்கள். நான்கைந்து இருக்கும் இடமாகப் பாருங்கள்.

* ஊரில் உள்ள வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கும், ஒழுங்கான எர்த்தும் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். மணிக்கு 3 யூனிட் ஏறும். ராத்திரி 10 மணி நேரம் மாட்டினால் 30 யூனிட். திரும்பும் பயணத்தில் பாதிக் கவலை தீர்ந்தது.

* 80 சதவிகிதம் ஏறியதும் இடத்தைக் காலி செய்யுங்கள். பின்னால் நிற்பவருக்கும் ஊரில் பொங்கல் பானை காத்திருக்கிறது!