புகைபோக்கிக்கு மழையே பகை

சிரம்பானை ஒட்டிய லோபாக் பக்கத்துப் பெரியவர்களிடம் செங்கல், புகை என்று பேச்செடுத்தால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரப்பர் தோட்டத்து ஸ்டோர்தான். மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் வந்த பாலைப் பார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். அதை உருளையில் கொடுத்து வரிவரியான ஷீட்டாக அழுத்தி, கம்புகளில் தொங்கவிட்டு ஸ்மோக் ஹவுசுக்குள் தள்ளுவார்கள். வெளியே செங்கல் அடுப்பு, அதில் ரப்பர் மரக்கட்டை. அடுப்பின் புகை தரைக்கடியில் கட்டிய செங்கல் வழியாக உள்ளே நுழைந்து, மூன்று நான்கு நாள் ஷீட்டுகளைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெப்பம் ஐம்பது, அறுபது டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் கிளம்பும்; கவனம் தப்பினால் கட்டடமே தீப்பிடிக்கும்.

அந்தப் புகையில் இருந்த தாரும் பீனால் வகைப் பொருள்களும் ஷீட்டின் மேல் படிந்து, பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. தேன் நிறத்தில் மினுங்கிய அந்த ஷீட்டுதான் உலகச் சந்தையில் ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்து விற்கப்பட்டது. 1965இல் மலேசியத் தர நிர்ணய ரப்பர் திட்டம் வந்து, கட்டி ரப்பர் பரவிய பிறகு தோட்டத்து ஸ்மோக் ஹவுஸ்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

குளிர் நாட்டு வீட்டுப் புகைபோக்கியில் இதே தார் படிந்தால் அது ஆபத்து. ஸ்மோக் ஹவுஸ் புகையைப் பிடித்து வைக்கக் கட்டியது. புகைபோக்கி அதை விரட்டக் கட்டியது. நம்மவர்கள் இரண்டுக்கும் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார்கள். 1922இல் திறக்கப்பட்ட பிரேசர் மலையின் கருங்கல் பங்களாக்களிலும், கேமரன் மலையில் 1937இல் எழுந்த ஆங்கில பாணி விடுதியிலும் கணப்படுப்புகள் உண்டு. ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் 1820களில் கட்டிய கல் வீட்டிலிருந்து தொடங்கும் உதகை பங்களாக்களிலும், நுவரெலியாவில் 1876இல் அமைந்த ஹில் கிளப்பிலும் அதே கதை. இன்று லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ டொராண்டோவிலோ பழைய செங்கல் வீட்டை வாங்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் கூரையோடு சேர்ந்து ஒரு புகைபோக்கியும் கைக்கு வந்துவிடுகிறது. அதைப் பராமரிக்கும் பழக்கம் மட்டும் கூடவே வருவதில்லை.

புகை ஏன் மேலே போகிறது? சூடான காற்று எடை குறைந்தது. வெளியிலிருக்கும் குளிர்ந்த, கனமான காற்று அதைக் கீழிருந்து தள்ளுகிறது. 6 மீட்டர் உயரப் புகைபோக்கியின் உள்ளே 150 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால் அந்தத் தள்ளுவிசை சுமார் 24 பாஸ்கல். இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அது. நம் ஊரைப் போல வெளியே 30 டிகிரி இருந்தால் 19 பாஸ்கலாகக் குறைந்துவிடும். இவ்வளவு சிறிய விசையை நம்பித்தான் ஒரு வீடே மூச்சு விடுகிறது. குழாய்க்குள் பறவை கூடு கட்டினாலோ, உள்சுவர்ச் செங்கல் ஒன்று பெயர்ந்து விழுந்து வழியை மறித்தாலோ புகை அறைக்குள் திரும்பும். அதில் வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கும். உதகையிலும் கொடைக்கானலிலும் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழாமலே போன செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அந்தச் சாவுகளுக்குக் காரணம் இந்த வாயுதான்.

புகைபோக்கி கூரையைவிட எவ்வளவு உயர வேண்டும் என்பதற்கு வட அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி. பத்தடித் தூரத்துக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி கூடுதல். அழகுக்காகக் குட்டையாக்கிய புகைபோக்கிகள் காற்றடிக்கும் நாளில் வீட்டுக்காரரை இருமவைத்துப் பழிவாங்கும்.

இனி அந்தத் தார். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கும். அதை எரித்தால் நெருப்பின் பலத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. புகை குளிர்ந்தே மேலேறுகிறது. சுமார் 120 டிகிரிக்குக் கீழே போனதும் புகையிலுள்ள பிசின்கள் குழாயின் உள்சுவரில் கறுத்த மெழுகாக ஒட்டும். கிரியோசோட் என்று பெயர். ஸ்மோக் ஹவுசில் இதைத்தான் வேண்டுமென்றே வரவழைத்தோம். புகைபோக்கியில் இது காய்ந்து கெட்டியாகி, ஒரு நாள் தீப்பொறி பட்டு எரிய ஆரம்பித்தால் குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். உட்சுவர் வெடிக்கும், விரிசல் வழியே கூரை மரத்துக்குத் தீ பரவும். விறகின் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைப்பதும், ஆண்டுக்கொரு முறை கரி சுரண்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

கரி சுரண்டுவது எளிய வேலையாக ஒரு காலத்தில் இருந்ததில்லை. இங்கிலாந்தில் சின்னஞ்சிறு பையன்களைக் குழாய்க்குள் ஏற்றினார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு விதைப்பையில் புற்றுநோய் வருவதை 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் கவனித்து, புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் முடிச்சுப்போட்ட முதல் மருத்துவக் குறிப்பு அது. அந்தப் பையன்களை முழுமையாக விடுவிக்கச் சட்டத்துக்கு அதன்பின் நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. ஸ்மோக் ஹவுசில் நாள் முழுக்க நின்றவர்களின் நுரையீரலைப் பற்றி அந்தக் காலத்தில் யார் கவலைப்பட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தீ விபத்து அரிது, பயம் பெரிது. பழைய செங்கல் புகைபோக்கிகளை நடைமுறையில் அதிகம் அழிப்பது தண்ணீர். வீட்டுச் சுவருக்குக் கூரையின் குடை உண்டு. புகைபோக்கி நான்கு பக்கமும் திறந்து வெயிலிலும் மழையிலும் தனியாக நிற்கிறது. உச்சியிலுள்ள மூடியில் மயிரளவு விரிசல் இருந்தால் போதும், தண்ணீர் சாந்துக்குள் இறங்கும். தண்ணீர் உள்ளிருந்தும் வருகிறது. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகை எரித்தாலும், அதிலுள்ள ஹைட்ரஜனால் அரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். குழாய் குளிர்ந்திருந்தால் அது சுவரிலேயே வியர்க்கும்.

குளிர் நாட்டில் அடுத்து நடப்பது பள்ளிக்கூடப் பாடம். தண்ணீர் உறையும்போது கன அளவு ஒன்பது சதவீதம் கூடுகிறது. செங்கலின் நுண்துளைகள் கொஞ்சம் காலியாக இருந்தால் பனிக்கட்டி அங்கே விரிந்துகொள்ளும்; பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால் விரிய இடமில்லை, செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். கடுங்குளிரைவிட, பகலில் உருகி இரவில் உறையும் மாதங்களே மோசமானவை. கேமரன் மலையில் உறைபனி இல்லை. உதகையிலும் நுவரெலியாவிலும் ஆண்டுத் தொடக்கத்தில் சில காலைகளில் புல் வெளுக்கும், அவ்வளவுதான். ஆனால் மழையில் நம் மலைகள் லண்டனைத் தோற்கடிக்கும். அங்கே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. கேமரன் மலையில் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

பழைய படங்களில் புகைபோக்கி ஒரு பக்கமாக வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அஸ்திவாரம் இறங்கியதுதான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அது வேதியியல். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தில் கரைந்து சல்பேட்டாகிச் சாந்துக்குள் ஊறுகிறது. சாந்தில் சிமெண்ட் இருந்தால், அதிலுள்ள அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிஞ்சைட் என்ற ஊசிப் படிகம் வளரும், சாந்து பருக்கும். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் நெடுநேரம் ஈரமாக இருப்பதால் அந்தப் பக்கமே அதிகம் வளர்கிறது. ஒவ்வொரு வரியிலும் துளித்துளியாகக் கூடி, புகைபோக்கி காய்ந்த பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. அதை முட்டுக்கொடுத்து நிமிர்த்த முடியாது. வளைந்த பகுதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

வெப்ப நாட்டில் இன்னொரு விருந்தாளி வருவார். பறவை எச்சத்தில் வந்த ஆல், அரச விதை சந்தில் முளைத்து, செங்கலைக் கிளப்பிக்கொண்டு இறங்கும். மலேசியாவின் பத்து ஆராங் என்ற ஊரில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டிய சுரங்கத்தின் செங்கல் புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன.   லாபுவான் தீவில் 106 அடி உயரத்தில் ஒன்று நிற்கிறது. உள்ளே புகைக்கறையே காணோம் என்பதால் அது புகைபோக்கிதானா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எதற்காகக் கட்டியதானாலும் மழைக்கும் வேருக்கும் அந்த வேறுபாடு தெரியாது. செடி முளைத்தால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வேரோடு செங்கலும் வரும். அடியில் வெட்டி, வேர் பட்டுப்போக மருந்து வைத்து, அது செத்த பிறகுதான் சந்தைத் திறக்க வேண்டும்.

சிமெண்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமெண்ட் உலகைக் கட்டியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய செங்கல் வேலை சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரியில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்தால் சாந்து. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகும். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்தார்கள். செங்கல் பொடியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகியது.

சுண்ணாம்புச் சாந்து மெத்தென்றிருக்கும், நுண்துளை நிறைந்தது. சுவருக்குள் போன தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே ஆவியாகி வெளியேறும். கூடவே வரும் உப்பும் அங்கேயே படிகமாகி, சாந்தைத்தான் தின்னும். பால் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும்: உளி பட்டையை மட்டும் சீவினால் பட்டை திரும்ப வளரும், கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த மரத்துக்கு ஆயுசுக்கும் காயம். சந்துச் சாந்து பட்டை, செங்கல் கட்டை. சந்து தேய்ந்தால் அறுபது எழுபது ஆண்டுக்கொரு முறை புதிதாக அடைத்துக்கொள்ளலாம். செங்கல் தேய்ந்தால் அதற்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

இப்போது அந்தச் சந்தை நல்ல கெட்டி சிமெண்ட்டால் அடைத்துப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும். சாந்து செங்கலைவிடக் கடினமாகிவிட்டது. ஈரத்துக்கு வெளியேற வழி செங்கலின் முகம் மட்டுமே. உப்பும் பனியும் தம் வேலையைச் செங்கலுக்குள் செய்யத் தொடங்கும். சில ஆண்டுகளில் செங்கல்கள் குழிந்து, சிமெண்ட் வரிகள் மட்டும் கூண்டுக்கம்பி மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். சூளையில் வெந்த செங்கலின் வெளித்தோல்தான் கடினம். அது போனால் உள்ளே மென்மையான மண்தான். நீர் புகாத பெயிண்ட் அடிப்பதும் இதே தவறு. உள்ளே போன ஈரத்தைப் பூட்டிவைக்கும் வேலை அது.

சரியான வேலை மேலிருந்து தொடங்கும். முதலில் மூடி: செங்கல் விளிம்பைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீட்டி, அடியில் நீர் சொட்டும் பள்ளம் விட வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் சுவரிலேயே வழியும். அடுத்து, கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்தின் தகரப் பட்டை. ஒழுகலுக்கு அங்கேதான் வேர் இருக்கும். தார் பூசி மறைத்தால் அடுத்த மழையில் பல்லிளிக்கும். பிறகுதான் சந்துகள். பழைய சாந்தைச் சந்து அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் தோண்டியெடுக்க வேண்டும். வெட்டு இயந்திரத்தை உள்ளே விட்டால் செங்கல் விளிம்பு போய்விடும். தூசியைக் கழுவி, செங்கலை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல் கலந்த சாந்தை அழுத்தி அடைக்க வேண்டும். வெயிலும் காற்றும் உடனே உறிஞ்சிவிடாமல் சில நாள் ஈரச் சாக்குப் போர்த்த வேண்டும். உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. இறுகாத சாந்துக்குள் தண்ணீர் உறைந்தால் அது பொடியாகிவிடும்.

அடுப்பின் உட்புறத்துக்கு மட்டும் சட்டம் வேறு. சிமெண்ட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு சுமார் 450 டிகிரியில் சிதைகிறது; ஆறிய பிறகு ஈரம் பட்டால் மறுபடி வீங்கி வெடிக்கிறது. அங்கே தீச்செங்கலும் தீக்களிமண் சாந்தும்தான் தாங்கும்.

கணப்பு மூட்டுவதையே விட்டுவிட்ட வீடுகளில் புகைபோக்கியின் உச்சியைச் சிமெண்ட் பலகையால் இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே பழைய கரியும் அதன் உப்புகளும் அப்படியே இருக்கின்றன. அவை காற்றின் ஈரத்தை இழுத்துப் படுக்கையறைச் சுவரில் பழுப்புக் கறையாக வெளிப்படும். எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் திரும்ப வரும். மழை நுழையாமல் காற்று மட்டும் புகும் மூடியை உச்சியில் வைத்து, கீழே கணப்பை அடைத்த பலகையில் ஒரு சிறு காற்றுச் சல்லடையை விட்டால் குழாய் தானாகக் காயும்.

பழுதுபார்த்த அன்றே பெரிய நெருப்பு வேண்டாம். சில வாரம் பொறுத்து, முதலில் ஒரு கைப்பிடிச் சுள்ளியில் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சாந்திலுள்ள தண்ணீர் நீராவியாகி வெடிக்காமல் மெல்ல வெளியேற அந்த அவகாசம் தேவை. முதல் சில நாள் நெருப்பின்போது கூரைக்கடியில் ஏறி, புகை வாசனை வருகிறதா, புகைபோக்கிச் சுவர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் நெருப்பை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.