லீ சுன் கட்டிய கற்பாலம்

கட்டட நுட்பமெல்லாம் மேல்நாட்டிலிருந்தே கீழ்நாட்டுக்கு வந்தது என்று நம்பும் படிப்பாளிகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். வட சீனத்தில், ஹெபெய் மாகாணத்தில், ஷியாவ் நதியின் மீது நிற்கும் ஜாவ்ஜோ பாலத்தைப் பற்றி அவர்கள் சிறிது அறிந்துகொள்வது நலம்.

சுயி வம்சத்தார் ஆண்ட காலத்தில், கி.பி. 605-ஆம் வருஷத்தை ஒட்டி அது கட்டி முடிந்தது. கட்டியவன் லீ சுன் என்னும் கைவினைஞன். நூறு வருஷங்களுக்குப் பின் ஜாங் ஜியாஜென் என்னும் அமைச்சன் எழுதிய கல்வெட்டொன்று அவன் பெயரைக் காத்தது. இல்லாவிடில் அதுவும் மறைந்திருக்கும். பாமர ஜனங்களோ, தேவசிற்பி ஒருவன் அதை ஒரே இரவில் கட்டினான் என்று கதை சொல்லி வந்தனர். உழைத்தவன் புகழைத் தேவர்களுக்குக் கொடுத்துவிடுவது எந்த நாட்டிலும் உள்ள வழக்கந்தானே!

அவன் தீர்த்த சிக்கலைக் கவனியுங்கள். ஆற்றின் நடுவே ஒரு தூணும் நாட்டாமல் 120 அடிக்குமேல் தாண்டவேண்டும். அரைவட்ட வளைவு அமைத்தால் 60 அடி உயரம் எழும்பும். வண்டி மாடுகள் ஏறமாட்டா. ஆகவே லீ சுன் வளைவைத் தாழ்த்தினான். அதன் உயரம் 24 அடியே. ஆனால் தாழ்ந்த வளைவு கரைகளை வெளிப்புறமாகப் பலமாய் உந்தும். அந்தப் பாரத்தைக் குறைக்க, பெரிய வளைவின் தோள்களில் பக்கத்திற்கு இரண்டாக நான்கு சிறு வளைவுகளைத் திறந்துவிட்டான். சுமார் 700 டன் கல் மிச்சமாயிற்று. வெள்ளம் பெருகும்போது நீரும் அவ்வழியே தடையின்றிப் பாய்ந்தது. தாழ்ந்த வளைவை ரோமரும் அறிவர் என்பது மெய்யே. ஆனால் அதன் தோளை இவ்வாறு திறக்கும் முறை ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டில்தான் தென்படுகிறது.

பெரிய வளைவும் ஒரே கட்டுமானமன்று. 28 கல்வளைவுகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, இரும்புக் கட்டுக்களால் பிணைத்திருக்கிறான். ஒன்று பழுதானால் மற்றவை நிற்கும். ஓரத்து வளைவுகள் வெளியே சரியாதிருக்க, பாலத்தின் நடுப்பாகத்தை இரு முனைகளைவிடச் சற்றுக் குறுக்கினான். அப்படியும் பிற்காலத்தில் ஓரத்து வளைவுகள் சில விழுந்தன, பாலம் விழவில்லை. 1966-ல் அந்தப் பிரதேசத்தை உலுக்கிய பூகம்பத்திலும் அது நிலைத்தது.

1933-ல் லியாங் ஸுசெங் என்னும் சீன அறிஞர் பாலத்தை அளந்து, அதன் பெருமையை உலகறியச் செய்தார். 1950-களில் சர்க்கார் அதைப் பழுது பார்த்தது. வேலை உறுதியாக நடந்ததில் ஐயமில்லை. ஆனால் புதுக் கற்களை அதிகமாகப் பதித்து, கிழவனைக் குமரனாக்கிவிட்டார்கள் என்று அவரே பின்னர் குறைப்பட்டார். அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆற்று மணலில் புதைந்து கிடந்து அகப்பட்ட பழைய கைப்பிடிச் சுவர்ப் பலகைகள், டிராகன் சிற்பங்களோடு காட்சிச்சாலைக்குப் போய்விட்டன. பாலத்தின்மேல் நிற்பவை அவற்றைப் பார்த்துச் செதுக்கிய புதியவை.