கோப்பிக் கோதும் உணவாகும்

மாத்தளைப் பகுதியிலே கோப்பி பழுக்கும் காலத்தில் வீட்டு முற்றங்களிற் பழங்கள் வெயிலிற் காய்வதைக் காணலாம். காய்ந்தவற்றை உரலிலிட்டு இடித்துக் கொட்டையை எடுத்துக்கொள்கிறோம்; கோதைக் குப்பையிற் கொட்டுகிறோம். கோப்பி வடித்தபின் எஞ்சும் மண்டிக்கும் அதே கதிதான். நாம் எறிவது எவ்வளவு? பழத்தின் நிறையிலே தோலும் சதையும் மட்டுமே ஏறக்குறைய 40 சதவீதம். இக்கழிவு பெருமளவில் ஓடைகளிற் சேருமாயின், அழுகி நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைத்து மீன்களையும் வாட்டும்.

இப்பயிருக்காக நம்மவர் கொடுத்த விலையோ பெரிது. 19 ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தொழிலாளர் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலே மாண்டவர் பலர். 1869 இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத் துருநோய் பெருந்தோட்டக் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. ஆயினும் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பி இன்றும் நிலைத்திருக்கிறது. அதனை ஆராயும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே உள்ளது.

கோதை உண்பொருளாகக் கொள்வது புதுமையன்று. யேமன் நாட்டவர் அதனை இஞ்சியுடன் கொதிக்கவைத்து ‘கிஷிர்’ என்னும் பானமாக நெடுங்காலமாகவே அருந்துகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் உலர்ந்த கோப்பிப் பழச் சதையையும் அதன் வடிநீரையும் விற்பதற்கு அனுமதி வழங்கியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2012 இல் வெளியிட்ட ஆய்வுகள், கோப்பிக் கழிவுகளிலிருந்து குளோரோஜனிக் அமிலம் போன்ற ஒட்சியேற்ற எதிரிகளைப் பிரித்தெடுக்கலாம் என்று காட்டின. மண்டியின் உலர்நிறையிற் பாதிக்கு மேற்பட்டது நார்ப்பொருள். அதனைப் பிசுக்கோத்து மாவிற் கலந்து ஸ்பெயின் ஆய்வாளர் 2017 இல் சோதனை நடத்தியுள்ளனர்.

நெல்லின் தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு வெள்ளரிசியை நாம் உண்டோம். தவிட்டிலே சத்துண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். கோப்பியின் கதையும் அத்தகையதே.

ஆனால், குப்பையிற் கிடக்கும் கோதை அள்ளி அவித்துக் குடிக்கலாமென எவரும் எண்ணலாகாது. ஈரம் தங்கிய கோதிலே பூஞ்சணம் படரும். சில பூஞ்சணங்கள் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் ஒக்ராடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அவித்தாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது. ஆதலால் உணவுக்கான கோதை வேறாகவே பதப்படுத்தல் வேண்டும். பூச்சிமருந்து தெளிக்காத மரத்தின் நன்கு பழுத்த பழங்களையே தெரிந்து கழுவி, பறித்த அன்றே கொட்டையை நீக்கி, தோலையும் சதையையும் நிலத்திற் படாது வலைத் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, நொறுங்கும் பதம் வரும்வரை விரைவாக உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் அடைத்தல் வேண்டும். இதிலும் கஃபீன் இருப்பதாற் சிறுவர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதன்று. வீட்டிலே எஞ்சும் மண்டியோ ஈரத்தில் விரைந்து கெடும்; உணவிற் சேர்ப்பதை ஆய்வுகூடங்களுக்கு விட்டு, அதனைக் குப்பையெருவோடு கலப்பதே நமக்கு நன்று.

இஞ்சி, ஏலம், கறுவா யாவும் விளையும் மாத்தளையிலே கோதுப் பானத்துக்கு வேண்டிய வாசனைச் சரக்குக்குக் குறைவில்லை. குறையாக உள்ளவை உலர்த்தும் தட்டும், நஞ்சில்லை எனச் சோதித்து உரைக்கும் வசதியும், வாங்குவதற்கு முன்வரும் வணிகருமே. இவை கிட்டுமாயின், இன்று கொட்டைக்கு மட்டும் கூலி காணும் சிறு தோட்டக்காரர் அதே மரத்திலிருந்து இரண்டாவது வருவாயும் பெறுவர். நமது மாணவர்கள் ஆராய்ச்சிக்குப் பொருள் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. அது நம் வீட்டு முற்றத்திலேயே காய்ந்துகொண்டிருக்கிறது.