ஊனுண்ணிக் கெளிறுகளுக்கு இரையிடல்

வீட்டு மீன்தொட்டியில் ஊனுண்ணிக் கெளிறுகளை வளர்ப்போர், அவை பட்டினி கிடக்குமோ என்றே பெரிதும் அஞ்சுவர். ஆயின், கேடு பெரும்பாலும் மிகையூட்டலாலும் பொருந்தா இறைச்சியாலுமே விளைகின்றது. அமேசன் ஆற்றுக்குரிய செவ்வாற் கெளிற்றை நோக்குவோம். ஒரு மீற்றருக்கும் மேலாக வளரும் இம்மீன் (விரலளவுக் குஞ்சாக விற்கப்படுவது வேடிக்கையே) பேரிரையை ஒருங்கே விழுங்கி, நாட்கணக்கிற் செரிப்பது. ஆதலின், வளர்ந்த மீனுக்கு வாரத்தில் ஓரிரு முறை இரையிட்டாற் போதும்; குஞ்சுகளுக்கே நாடோறும் சிறிது வேண்டும்.

மாட்டிறைச்சியை இவை விரும்பி உண்ணும். எனினும் அது உகந்ததன்று. வெப்பக்குருதி விலங்கின் கொழுப்பு, ஏறத்தாழ 26 பாகை செல்சியசு நீரில் வாழும் மீனினுடலில் எளிதிற் பயன்படாது. ஈரலிற் படிந்து அதனைச் சிதைக்கும். உயிருள்ள பொன்மீன்களை இரையாக்குவதையும் நாம் ஏற்கோம். அவற்றிலுள்ள தயமினேசு என்னும் நொதியம் விற்றமின் பீ1 ஐ அழிக்கும், ஒட்டுண்ணிகளும் உடன்வரும். மண்புழு, அமிழும் குளிகையுணவு, 1952 இல் இலங்கைக் குளங்களுக்குக் கொணரப்பட்ட திலாப்பியாவின் தசைத்துண்டு ஆகியவற்றை மாறிமாறி இடலாம்.

இவை பெரும்பாலும் இருளில் மீசையிழைகளாற் சுவையறிந்து இரைதேடுவன. எனவே, விளக்கணைத்தபின் இரையிட்டு, எஞ்சியதை விரைவில் அகற்றுதல் வேண்டும். அழுகும் ஊனிலிருந்து பெருகும் அமோனியா முதலிற் செவுள்களையே தாக்கும்.