தண்ணீர் இறங்காத கழிப்பறை

கல்லூரி மலரில் கவிதை வரலாம், சிறுகதை வரலாம். கழிப்பறை வரலாமா என்று நண்பர்கள் நகைத்தார்கள். உண்ணும் உணவைப் பற்றி எத்தனையோ எழுதுகிறோம்; உண்டது போகும் வழியைப் பற்றி ஒன்றேனும் எழுதுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

சென்ற கோடை விடுமுறையில், பென்னாகரம் வட்டத்திலுள்ள எங்கள் வீட்டில் ஒரு நாள் காலை கழிப்பறைத் தொட்டியின் கைப்பிடியை எத்தனை முறை இழுத்தும் தண்ணீர் பாயவில்லை. "குழி நிரம்பியிருக்கும். ஓர் ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறங்கிப் பார்க்கச் சொல்லலாம்" என்றார் அப்பா. "இருங்கப்பா, முதலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம்" என்றேன். அந்த வாளி கற்றுத் தந்த பாடமே இக்கட்டுரை.

வாளிச் சோதனை

அரை வாளித் தண்ணீரைப் பீங்கானில் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். தண்ணீர் விரைந்து இறங்கினால் குழாயும் குழியும் நலமாக உள்ளன, குறை தொட்டியில்தான். தண்ணீர் மேலெழுந்து மெல்ல மெல்ல வடிந்தால் வளைகுழாயிலோ அதற்கப்பாலோ அடைப்பு. அடைப்பை நீக்கிய பின்னும் தண்ணீர் தேங்கினால் மட்டுமே குழியைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிட்டது.

தொட்டிக்குள் நடப்பது

மூடியைத் திறந்து பார்த்தேன். எங்கள் தொட்டி வடிகுழாய் முறையில் இயங்குவது. கைப்பிடியை இழுத்ததும் உள்ளிருக்கும் தட்டு உயர்ந்து, கொஞ்சம் தண்ணீரை ஒரு வளைவுக்கு மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்ட நீர் மறுபுறம் விழும்போது, தொட்டியிலுள்ள மீதி நீரையும் இழுத்துச் செல்கிறது. தொட்டியில் தண்ணீர் குறிக்கப்பட்ட அளவுக்கு நிற்காவிட்டால் இந்த ஓட்டம் தொடங்குவதே இல்லை. எங்கள் தொட்டியில் பாதியளவே தண்ணீர் நின்றது.

காரணம் மிதவையில் இருந்தது. நம் மாவட்டத்தின் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரைக் குடிக்கப் பயன்படுத்துகிறோம். கழிப்பறைக்கு வருவது கிணற்று நீரே. அதிலுள்ள கால்சியம் உப்பு மிதவையின் மூட்டில் படிந்து, அதைப் பாதி வழியில் இறுக்கிவிட்டது. தண்ணீர் வரும் சிறு துளையும் அடைபட்டிருந்தது.

குழாயை மூடிவிட்டு வால்வைக் கழற்றி, வினிகரில் ஓர் இரவு ஊற வைத்தேன். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் வெண்படலம் உதிர்ந்தது. துளையை ஊசியால் குத்தி, மீண்டும் பொருத்தினேன். தொட்டி நிரம்பியது, கைப்பிடிக்கு உயிர் வந்தது.

வளைவில் அடைப்பு

பீங்கானுக்குக் கீழுள்ள வளைவில் எப்போதும் சிறிது நீர் நின்று, குழியின் நாற்றத்தைத் தடுக்கிறது. இலண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் இத்தகைய வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். துணி, சோப்புத் துண்டு போன்றவை சிக்குவதும் இங்கேதான். கைப்பிடியுள்ள ரப்பர்க் கிண்ணத்தை நீருக்குள் அழுத்தி, பத்துப் பதினைந்து முறை அமுக்கி இழுத்தால் பெரும்பாலும் விலகிவிடும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. நச்சுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

குழி நிரம்பினால்

கிராமப்புறங்களில் கட்டப்படும் இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரே போதும். ஒரு குழி நிரம்பியதும் இடையிலுள்ள சிறு தொட்டியில் வழியை அடைத்து, மற்றக் குழிக்குத் திருப்ப வேண்டும். நிரம்பிய குழியை ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் மூடி வைத்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். இரு குழிகளுக்கும் ஒரே நேரத்தில் வழி விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. இரண்டும் ஒன்றாக நிரம்பினால் எரு ஆவதற்கு அவகாசம் இல்லை.

செப்டிக் டேங்க் நிரம்பினால் உறிஞ்சு லாரியை அழைப்பதே முறை. மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தங்கியிருக்கும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் இல்லையென்று நம்பி இறங்கியவர் திரும்புவதில்லை. காப்பாற்ற இறங்குபவரும் உடன் மடிகிறார். பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரை இத்தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவ்வாறு இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எனினும் எத்தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

வால்விலிருந்து உதிர்ந்த வெண்படலத்தை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு சிட்டிகை கூட இருக்காது. "இதுக்காகவா ஒரு மனுசனைக் குழியில இறக்கப் பார்த்தேன்?" என்றார். பிறகு வெகு நேரம் அவர் பேசவில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தண்ணீர் இறங்காவிட்டால், ஆளைத் தேடும் முன் வாளியைத் தேடுங்கள்.