மொழிபெயர்ப்பு மென்பொருளில் தமிழுக்கு ஒரு செருகுநிரல்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் சுடரை மக்கள் சிவபெருமானின் சோதி வடிவமாக வணங்குகின்றனர். அவ்வூரின் திருச்சபையில் திருமறையை விளக்கும் போதகர் ‘ஒளி’ என்பதா, ‘சோதி’ என்பதா எனத் தெரிந்தெடுப்பது அகராதியால் மட்டும் முடிவதன்று. கேட்போர் செவியில் அச்சொல் எதனை எழுப்புகிறது என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

நம் மொழிபெயர்ப்பு வரலாறே இத்தகைய தெரிவுகளின் வரலாறு எனலாம். பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1936இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பில் முன்னின்றவர் லார்சன். திருவண்ணாமலையிலும் பணியாற்றிய டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவர். அவருடைய குழு ‘கடவுள்’ என்னும் சொல்லைக் கொண்டது. தெரிந்த சொல்லை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல்வரை ஒருசீராகக் காப்பது மற்றொரு பெரும் உழைப்பு. இவ்வுழைப்பில் கணினி எவ்வளவு துணை செய்யும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. மென்பொருளும் செருகுநிரலும்

ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் எஸ்.ஐ.எல். நிறுவனமும் இணைந்து வளர்த்துவரும் ‘பாராடெக்ஸ்ட்’ என்னும் மென்பொருளைத் திருமறை மொழிபெயர்ப்பாளர் உலகெங்கும் கையாளுகின்றனர். முக்கிய மறைச்சொற்கள் ஒருசீராக வருகின்றனவா என நோக்கும் பகுதி அதிலேயே உண்டு. எனினும் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக அமைந்த கருவி ஒவ்வொரு மொழியின் இயல்பையும் அறிந்திராது. அக்குறையை நிரப்ப, வெளியார் எழுதிச் சேர்க்கும் சிறு நிரலே ‘ப்ளக்-இன்’ எனப்படும் செருகுநிரல்.

2. திட்டத்தை அமைத்தல்

இதற்கான சட்டகம் எளிது. விஷுவல் ஸ்டூடியோவில் சி-ஷார்ப் மொழியில் ஒரு நிரலகத் திட்டத்தைத் தொடங்க வேண்டும். செருகுநிரலுக்கும் பாராடெக்ஸ்டுக்கும் இடையேயுள்ள ஒப்பந்தம் போன்ற இடைமுகத் தொகுப்பை அதனுடன் இணைக்க வேண்டும். அவ்வொப்பந்தம் கேட்கும் பெயர், பதிப்பு எண், வெளியிடுவோர், விளக்கம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். பின்னர் நிரலைத் தொகுத்து, பாராடெக்ஸ்டின் செருகுநிரல் கோப்புறையில் அதற்கெனத் தனி உட்கோப்புறை அமைத்து வைத்து, மென்பொருளை மீண்டும் திறத்தல் வேண்டும். நிரலறிந்த இளைஞர் ஒருவர் துணையிருப்பின் இவற்றைச் செய்து முடிக்கலாம். கடினமானது இதன்பின் வருவதே.

3. தமிழின் தனி இடர்கள்

முதலாவது, வேற்றுமை. ‘பாவம்’ என்று தேடினால் கணினி ‘பாவத்தை’, ‘பாவங்கள்’ என்பவற்றைக் காணாது. ‘பாவ’ என்று சுருக்கினாலோ ‘பாவனை’யும் அகப்படும். ‘தேவ’ என்று தேடினால் ‘தேவை’யும் வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு மறைச்சொல்லுக்கும் அதன் திரிந்த வடிவங்களையும், புணர்ச்சியில் மிகும் ஒற்றையும் நாமே பட்டியலிட்டுக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்துக் குறியீடு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; எழுத்துகளை அவ்வாறே ஒப்பிடும் நிரலுக்கு வெவ்வேறு. இவற்றை ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடல் தகும்.

மூன்றாவது இடர் நுட்பமானது. ‘ஔஷதம்’ என்பதைச் சிலர் ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்துகளால் ‘ஒளஷதம்’ எனத் தட்டச்சிடுவர். இப்பிழையைத் திருத்த, ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என மாற்றுக என்று விதி எழுதினால் என்னாகும்? ‘ஒளி’ என்னும் சொல்லும் அவ்விரு எழுத்துகளாலேயே தொடங்குகின்றது. ஒரு பிழையை நீக்க எழுதிய விதி, திருமறை முழுவதிலும் ஒளி என்னும் சொல்லைச் சிதைத்துவிடும்.

4. கருவியின் எல்லை

ஆகையால், நாம் அமைக்கும் செருகுநிரல் ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டுவதோடு நிற்கட்டும் எனப் பரிந்துரைக்கின்றோம். பாராடெக்ஸ்டில் செருகுநிரல் உரையை மாற்ற வேண்டுமாயின், எழுதும் உரிமையைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். அவ்வுரிமையைக் கேளாத நிரலாகவே இது இருக்கட்டும்.

சொற்பட்டியலை ஆக்கும் பொறுப்பையும் நிரலரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. மூலமொழி அறிந்தோர், தமிழிலக்கணம் அறிந்தோர், சபையில் மறையை வாசித்துக் கேட்கும் எளிய விசுவாசிகள் ஆகியோர் கூடி அமர்ந்து ஆக்க வேண்டியது அது. ‘சோதி’ என்னும் சொல் எத்தனை இடங்களில் வருகின்றது என்பதைக் கருவி நொடியில் கூறும். திருவண்ணாமலையின் சபை அச்சொல்லை எவ்வாறு கேட்கும் என்பதை, அம்மக்களிடையே வாழும் போதகரே கூற இயலும். இறையியல் மாணவர் இவ்விரு அறிவையும் பெற முயல்வாராக.