கண்ணாடிக் குளம் – 7: இறங்கும் நீரும் நிற்கும் மின்சாரமும்

சென்ற இதழில் உரமண்ணைப் பரப்பி, வாலிஸ்நேரியாவையும் கிரிப்டோகொரைனையும் ஊன்றி வைத்த நாலடித் தொட்டிக்கு இனி நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு வேண்டும். கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டியை மறைவாக வைத்து, மேல்தொட்டியின் நீர் தானே வழிந்து அதில் இறங்கவும், அங்கே பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் புகுந்து தெளிந்தபின் பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றவும் செய்கிற முறைதான் சம்ப். கடல்மீன் வளர்ப்போர் பெரிதும் விரும்பிக் கைக்கொள்ளும் இதனைச் செடி வளர்ப்போர் மாத்திரம் வெகுகாலமாகச் சந்தேகத்தோடு பார்த்து வருகிறார்கள்; அந்தச் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை.

காற்றோடு சமநிலை எய்திய நீரில் கரியமில வாயு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. செடிகள் செழிக்க வேண்டி, சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்தி, அதை நாம் 20, 30 மில்லிகிராம் வரை உயர்த்தி வைக்கிறோம். இவ்வாறு வலிந்து கரைக்கப்பட்ட வாயு, நீர் எங்கெல்லாம் சிதறிக் காற்றோடு கலக்கிறதோ அங்கெல்லாம் வெளியேறிவிடும் இயல்புடையது. ஆகவே வடிகுழாயில் களகளவென்று சப்தம் எழுமாயின், அது நித்திரையைக் கெடுக்கும் தொல்லை மட்டுமன்று, காசு கொடுத்து வாங்கிய வாயு வீணாகிறதென்பதற்கு அடையாளமும் ஆகும். நீரைச் சப்தமின்றி இறக்கத் தெரிந்தவனுக்குச் செடித்தொட்டியிலும் சம்ப் உகந்ததே என்பது என் அபிப்பிராயம். பிளாஸ்டிக் பந்துகளின்மேல் நீரைச் சொட்டவிடும் அடுக்குகள் மட்டும் இங்கே வேண்டாம். அம்மோனியாவின் பெரும்பகுதியைச் செடிகளே ஆகாரமாக உறிஞ்சிக்கொள்ளும்போது, வாயுவை விரட்டும் அந்தச் சாதனத்தால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம்.

ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படியே தொட்டிக்கு வழிவாய்: நீர்மட்டத்தை நிர்ணயிப்பது அதுவே. நீரின்மேல் படரும் எண்ணெய்ப் படலத்தை முதலில் இழுத்துச் செல்வதும் அதுவே என்பதால், வெளிச்சம் தடையின்றி அடிவரை இறங்குகிறது. விளிம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு மெல்லிய ஏடாக நீர் வழியும். வழிந்த நீர் அதை ஏந்தும் பெட்டிக்குள் ஓரிரு விரற்கடைக்கு மேல் விழாதபடி, பெட்டியிலும் மட்டத்தை உயர்த்தியே வைக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து கீழே இறக்குவதற்கு, ‘பீன் அனிமல்’ என்று மேனாட்டு ஆர்வலர்கள் விசித்திரமான பெயரால் வழங்கும் மூன்று குழாய் முறையை விஞ்சிய யுக்தி எனக்குத் தெரிந்து இல்லை. முதற்குழாயின் வாய் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். அதன் பால் வால்வைச் சிறிது சிறிதாகத் திருகி, குழாயிலுள்ள காற்றெல்லாம் ஒழிந்து நீர் மட்டுமே நிறைந்து சைபனாக இறங்கும் நிலையில் நிறுத்திவிட்டால், சப்தம் அடியோடு அடங்கிவிடும். மிஞ்சும் சிறிதளவு நீர் இரண்டாம் குழாயின் உட்சுவரை ஒட்டி வழியும். இன்னும் உயரத்தில் வாய் திறந்து நிற்கும் மூன்றாவது எந்நாளும் வறண்டே இருக்கும். உதிர்ந்த வாலிஸ்நேரியா இலை ஒன்று முதற்குழாயை அடைத்துவிட்டால் தரையை நனையாமல் காப்பது அதுதான். அதற்கு வால்வு பொருத்துவது அறிவீனம்.

இனி, மின்சாரம் நிற்கும் நேரத்தைக் கவனிப்போம். நம் தொட்டியின் நீளம் 120, அகலம் 45 சென்டிமீட்டர். நீரை மேலேற்றும் குழாயின் முனை மேற்பரப்புக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்குமானால், பம்பு நின்ற மாத்திரத்தில் அதே குழாய் சைபனாக மாறி, அந்த ஆழம் வரையுள்ள 54 லிட்டரையும் கீழே இறக்கிவிடும். 75-க்கு 35 அளவும் 40 உயரமும் உடைய சம்பில், சராசரியாக 20 சென்டிமீட்டர் நீர் ஓடிக்கொண்டிருந்தால், இந்த 54 லிட்டர் அதை மேலும் 20 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே உயர்த்தும். சம்ப் தளும்பி அலமாரியை நனைக்கும். முனையை 2 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தாலோ இறங்குவது 11 லிட்டர்தான், உயர்வதும் 4 சென்டிமீட்டர்தான். முனையை ஆழத்தில் வைத்தே தீரவேண்டுமென்போர், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு துளை இடுவார்கள்; மட்டம் அதற்குக் கீழ் இறங்கியதும் காற்றுப் புகுந்து சைபன் அறுந்துவிடும். துளையைப் பாசி மூடாதிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் சிபாரிசு செய்யும் நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பியிருக்கலாகாது. ஒரு குட்டி நத்தை அதன் இதழில் சிக்கினாலே போதும், அது முழுவதும் மூடாது.

சம்பைத் தடுப்புகளால் அறைகளாகப் பிரித்து, பம்பு இருக்கும் கடைசி அறையைச் சிறிதாக அமைப்பதும் ஒரு பாதுகாப்பே. 20-க்கு 35 அளவுள்ள அறையில் பம்பின் வாய்க்கு மேலே 15 சென்டிமீட்டர் நீர் உண்டென்றால், வடிகுழாய்கள் யாவும் ஒருசேர அடைபட்டாலும் மேலேறக்கூடியது பத்தரை லிட்டர்தான். அதனால் மேல்தொட்டி உயர்வது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. விளிம்பில் 3 சென்டிமீட்டர் காலியாக விட்டிருந்தால் கவலையில்லை. ஆவியாகும் நீரின் குறைவு முழுவதும் இந்தச் சிற்றறையிலேயே தெரிவதால், கோடையில் தினமும் பார்த்து ஊற்ற வேண்டியிருக்கும் என்பதே இதற்கு நாம் கொடுக்கும் விலை. மட்டம் தாழத் தாழத் தடுப்பைத் தாண்டி விழும் நீர் உரக்கச் சப்திக்கும். வாயுவும் கூடவே போகும். ஆதலால் நீர் நிரப்பிய முதல் நாளே சுவிட்சை அணைத்து, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிய பிறகு சம்ப் விளிம்புக்குக் கீழே இரண்டு விரற்கடையேனும் மிஞ்சுகிறதா என்று சரிபார்த்து, பம்பை மறுபடி ஓடவிட்டு, அப்போது இந்த அறையில் நிற்கும் மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டுக்கொள்ள வேண்டும். தினமும் ஊற்றுவது அந்தக் கோடு வரைதான்.

(தொடரும்)